ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் உங்கள் குரல்

அண்ணே,

போன மாதம் ஒரு மத்தியானம், அச்சகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது உங்கள் குரலைக் கேட்டேன். பக்கத்து மேசையில் மிஷின்மேன் செல்வம் போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருந்து நீங்கள் பேசினீர்கள். "ஏலே தம்பி, மூணாவது பாட்டெல்லாம் ஒரு பாட்டா? தகர டப்பாக்குள்ள எலி ஓடுன மாதிரி இருக்கு." யாரோ ஒருவன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கண்ணை உருட்டி, அந்தக் குரலுக்கு வாயசைத்துக்கொண்டிருந்தான். நீங்கள் தலையில் துண்டு கட்டி நான் பார்த்ததே இல்லை.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கிருந்து எடுத்தது என்று செல்வத்திடம் கேட்டேன். கரட்டானுடைய புது ஆல்பமாம், அதில் ஐந்தாவது பாட்டுக்கு முன்னால் வருகிறதாம், இப்போது ஊரெல்லாம் இதைத்தான் போட்டு விளையாடுகிறார்களாம். செல்வம் புதிதாகச் சேர்ந்தவர். பேசுகிறவர் நம் கம்பெனி வண்டி ஓட்டியவர் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டப்பாவை மூடிவிட்டு, காலண்டர் தாள்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் பக்கம் போய் நின்றேன். அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. லேபிளுக்கு நிறம் சேர்க்கும்போது பாதியில் எழுந்துவிடுகிறேன். வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறேன். இதை யாரிடம் சொல்ல? இந்தப் பேச்சைப் பேசுவதற்கு எனக்கு இருந்தது நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் வண்டியில் பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு பட்டாசுக் கம்பெனி கேட்டுக்குப் போய்ச் சேரும்வரை அவர்கள் கேட்கும் பாட்டு. முதலில் சாமி பாட்டு, பிறகு சினிமா. கேட்டில் அவர்கள் இறங்கிப் போனதும், கம்பெனியின் அச்சகத்தில் வேலை பார்க்கும் நான் ஒருத்திதான் சிவகாசிவரை மிச்சம். அங்கிருந்து உங்கள் பாட்டு. பென் டிரைவை மாற்றும்போதே உங்கள் முதுகு நிமிர்ந்துவிடும்.

முதல்நாள் அதைக் கேட்டுவிட்டு, யாரோ சண்டை போடுகிறார்களா என்று கேட்டேன். "சண்டைதான் தங்கச்சி. யாரு கூடன்னு கேளு" என்றீர்கள்.

கேட்டேன். அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். காரியாபட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், ஓணானுக்கு நம் பக்கம் சொல்லும் கரட்டான் என்ற பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டு, நம் பேச்சிலேயே தாளத்துக்குப் பேசியிருந்தான். ‘பஸ் வராத ஊரு’ என்பது அந்த ஆல்பத்தின் பெயர். பள்ளிக்கூடத்தில் எதுகை மோனை நடத்தியபோது தூங்கியவள் நான். இவன் ஒரு சொல்லை எறிந்தால் அடுத்த வரியில் அதன் கூடப்பிறந்தது வந்து டிரம்மின்மேல் உட்காரும். அதைக் கேட்கக் கேட்க, பாட்டுக்கு ராகம் வேண்டும் என்ற என் நினைப்பே கழன்று விழுந்தது.

ஆனால் உங்களுக்குப் பிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. முதல் பாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினீர்கள். எனக்கு அது வெறும் சவடால். எனக்கு மூன்றாவது பாட்டு, ‘வேலிக்கருவை’. தண்ணீர் இல்லாத மண்ணில் தானாக முளைத்தவனைப் பற்றிய பாட்டு. பின்னால் ஓடும் அந்தத் தகரச் சத்தம் கூரையில் விழும் முதல் மழை என்று நான் சொன்னேன். மழையாவது மண்ணாவது, டப்பாவுக்குள் எலி ஓடுகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். நான் கோபித்துக்கொண்டு அன்று அச்சக வாசலில் சொல்லாமலே இறங்கிப் போனேன். மறுநாள் காலையில், பெண்கள் எல்லாரும் இறங்குவதற்கு முன்பே, "இன்னைக்கு எலி பாட்டைப் போடவா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். வண்டியே திரும்பி என்னைப் பார்த்தது. ஆக, இன்று ஊர் சிரிக்கும் அந்த எலி எனக்கு எதிராகப் பிறந்த எலி. அதைத்தான் யாரோ வாயசைத்துக்கொண்டிருந்தான்.

ஊரில் பேச்சு வந்தது நினைவிருக்கிறதா? டிரைவரும் அந்தப் பிள்ளையும் சிவகாசிவரை என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று யாரோ உங்கள் வீட்டில் மதினியிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் மதினி கம்மல், பூ எல்லாம் வைத்துக்கொண்டு, டவுனில் வேலை இருக்கிறது என்று வண்டியில் ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உங்களுக்குக் காரணம் புரிந்தது. எனக்கும் புரிந்தது. பெண்கள் இறங்கியதும் நீங்கள் வழக்கம்போல் பென் டிரைவை மாற்றினீர்கள். ஆறாவது பாட்டில் அவன் மூச்சு விடாமல் போவது திறமையா வித்தை காட்டலா என்று நாம் ஆரம்பித்தோம். சிவகாசி வந்தும் முடியவில்லை. மதினி இறங்கும்போது சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "இதுக்குத்தான் ஊரு பேசுதாக்கும். ரெண்டு பேருக்கும் கிறுக்கு." அதற்குப் பிறகு தீபாவளிக்கு எனக்கும் சேர்த்து முறுக்கு சுட்டார்.

அந்த ஆறாவது பாட்டு ‘லோடு’. அதில் நம் இருவருக்கும் சண்டை இல்லாத ஓர் இடம் உண்டு. கடைசியில் அவன் நிறுத்தியதும் பெண்கள் குலவை போடுவார்கள். அந்தக் குலவையை வலது பக்கம் மட்டும் வைத்திருந்தான். உங்கள் பக்கத்துக் கதவு ஸ்பீக்கரிலிருந்து, வண்டிக்கு வெளியே யாரோ கூடவே ஓடி வந்து குலவை போடுவதுபோல் கேட்கும். அந்த இடம் வந்ததும் கண்ணாடியை இறக்கிவிடுவீர்கள்.

அப்புறம் அந்த வெடி. நம் கம்பெனியில் இல்லை. வழியில் வேறு ஒன்றில். நீங்கள் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பி வந்த வழியில், அதன் வேலியை ஒட்டி வண்டி போனபோது வெடித்தது. அன்று எனக்குக் காய்ச்சல், நான் வரவில்லை. வலது பக்கக் கண்ணாடி முழுக்க உங்கள் மடியில் கொட்டியிருக்கிறது. அதை உதறிவிட்டு, வெளியே ஓடி வந்தவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். இரண்டு பெண்கள் பிழைத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. உங்கள் வலது காது பிழைக்கவில்லை. டாக்டர் சொன்னதை மதினி என்னிடம் சொன்னார். நீங்கள் சொன்னது, "காதடைச்சிருக்கு, அம்புட்டுத்தான்."

திரும்ப வண்டி எடுத்த முதல் நாள் ‘லோடு’ வந்தது. அவன் நிறுத்தினான். குலவை எழுந்தது. நீங்கள் கண்ணாடியை இறக்கவில்லை. இஞ்சின் இரைச்சலுக்கு மேல் அது உங்களை எட்டவே இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "வந்திருச்சாடா தங்கச்சி?" என்று கேட்டீர்கள். வந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணாடியை இறக்கினீர்கள். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன், நீங்கள் இறக்குவீர்கள்.

கொஞ்ச நாள் கழித்து, கரட்டானுக்கே பேசி அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். உங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, போனை வாயருகே வைத்துப் பேசினீர்கள். நான் அடுத்த ஊரில் இறங்க வேண்டியவள், பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். எலியில் ஆரம்பித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் குரல் இறங்கியது. பதில் வரவில்லை. நீங்களும் எதிர்பார்த்ததுபோல் தெரியவில்லை. சித்திரை வெயிலில் வண்டியைக் கழுவும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஹோஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது என்று மதினி சொன்னார்.

புது ஆல்பத்தில், ஐந்தாவது பாட்டுக்கு முன்னால், எலி மட்டும்தான் இருந்தது. அதன்பின் நீங்கள் பேசியதைக் காணோம். ஆல்பத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘காதடைப்பு’. உங்கள் வாயிலிருந்து விழுந்த சொல். சொல்லை எடுத்துக்கொண்டு சொன்னவரைக் கோமாளியாக்கிவிட்டானே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மற்ற பாட்டுகளைக் கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. நெட்டில் அவனுடைய பக்கத்துக்கு ஒரு சேதி அனுப்பினேன். அந்தக் குரல் எங்கள் அண்ணனுடையது, அவர் இறந்துவிட்டார், இவ்வளவுதான் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதினியிடம் சொல்லப் போனேன். வாசலில் மக்காச்சோளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் சோளத்தைக் காலால் தள்ளிக்கொண்டு நின்றபோது அவரே சொன்னார். சாத்தூர் பஸ்ஸில் பின்சீட்டில் ஒருவனுடைய போனில் கேட்டுவிட்டாராம்.

"திரும்பிப் பாத்துட்டேன் பிள்ளே. அவுகதான் ஏறிட்டாகளோன்னு."

பிறகு, இதற்கு முன்னும் பின்னும் அவர் ஒன்றும் பேசவில்லையா, ஆரம்பித்தால் நிறுத்துகிற ஆளா அவர் என்று கேட்டார். இன்னும் இருக்கிறது, அவன் வெட்டிவிட்டான் என்றேன். அப்படியானால் அந்தப் பையனிடம் கேள் என்றார். அழவில்லை. சோளத்தைக் கிளறிவிட்டார்.

கரட்டான் மறுநாளே கூப்பிட்டுவிட்டான். நீங்கள் இறந்தது அவனுக்குத் தெரியாது. ஆல்பத்தில் சேர்க்கட்டுமா என்று கேட்டு உங்களுக்கு ஒரு சேதி அனுப்பியிருக்கிறான். அது போய்ச் சேர்ந்தபோது அதைப் பார்க்க நீங்கள் இல்லை. "பாக்கலைன்னதும், சரின்னு எடுத்துக்கிட்டேன்க்கா. தப்புதான்" என்றான். அடுத்த வாரம் அம்மாவைப் பார்க்கக் காரியாபட்டிக்கு வந்தவன், அங்கிருந்து பைக்கில் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

பாட்டில் அவ்வளவு பெரிய குரல், ஆள் ஒல்லி. பேசுவது பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். மதினி கலர் சோடா வாங்கி வைத்திருந்தார். அவன் குடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பெரிதாக ஒன்றும் இல்லை, அவர் பேசியது முழுவதையும் கேட்க வேண்டும் என்றார். அவன் போனைத் திண்டு மேல் வைத்தான்.

எலி வந்தது, போனது. அப்புறம் நான் பின்சீட்டிலிருந்து கேட்ட அதே இறங்கின குரல். "தம்பி, உங்க ஆறாவது பாட்டுல பொம்பளைக குலவை ஒரு பக்கமா வருதுல்லா, அது இப்ப எனக்கு வர மாட்டேங்கு. முன்னாடி வந்துச்சு. காதடைச்சுப்போச்சு. நீங்க பாட்டை ஒரு பக்கமா ஒதுக்காதீக. ஒத்தக் காதுக்காரனும் கேக்கான்." அதன்பின் கொஞ்சம் இரைச்சல். தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், சோறு ஆறுகிறது, வருகிறீர்களா இல்லையா என்று. "இந்தா வந்துட்டேன்" என்று நீங்கள். முடிந்தது.

அந்தப் பெண் குரல் தன்னுடையதுதான் என்று மதினிக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கடைசியை இன்னொரு வாட்டி போடுங்க தம்பி."

போட்டான். இன்னொரு தடவையும் போட்டான். அதை மட்டும் தனக்கு அனுப்பிவிடச் சொன்னார். மற்றதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், அவரும் சிரிக்க வைக்கத்தானே சொன்னார் என்று டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மதினிக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஆல்பத்துக்குப் பேரை எடுத்துக்கொண்டு பேச்சை ஏன் வெட்டினாய் என்று அவனிடம் கேட்டேன். முதலில் முழுவதும் வைத்திருந்தானாம். கூட்டாளிகளுக்குப் போட்டுக் காட்டியபோது, எலிக்குச் சிரித்தவர்கள் காதுக்கு வந்ததும் அமைதியாகிவிட்டார்களாம். "அதுக்கப்புறம் பாட்டே உள்ள நுழைய மாட்டேங்குதுக்கா."

"பாட்டு காத்திருக்கணும்" என்றேன்.

அவன் கலர் பாட்டிலின் மேல் சுற்றியிருந்த லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டே இருந்தான். போகும்போது, சேர்த்துவிடட்டுமா என்று மதினியைப் பார்த்துக் கேட்டான். அவர் உங்களிடம்தானே சொன்னார், நீங்களே முடிவு பண்ணுங்கள் என்று மதினி சொல்லிவிட்டார்.

இரண்டு வாரத்தில் மாற்றிவிட்டான். இப்போது எலிக்குப் பிறகு காது வருகிறது. அதன் பிறகு நீண்ட அமைதி. அப்புறம்தான் ஐந்தாவது பாட்டு. என் அபிப்பிராயம் கேட்டால், அந்த அமைதி ரொம்ப நீளம். கட்சிக் கூட்டத்தில் மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கச் சொல்வார்களே, அப்படி இருக்கிறது. உங்களுக்குப் பிடித்திருக்காது. ஹாரனை அடித்திருப்பீர்கள். கேட்டது கிடைத்தும் எனக்கு நிம்மதி வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆல்பத்தை முழுதாகக் கேட்டேன். ஒன்பது பாட்டு. முதல் பாட்டில் பழைய சவடால் போய்விட்டது, உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். இரண்டாவது, ‘கேட்டில் போன்’, கம்பெனி வாசலில் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போகும் பெண்ணைப் பற்றி. அதில் ஒரு சொல் கூட அதிகமில்லை. நாலாவது ‘சரவெடி’. நம் ஊர் என்றால் உடனே வெடிச் சத்தத்தைப் பின்னால் போட்டுவிட வேண்டுமா? அதைத் தள்ளிவிடலாம். எட்டாவதுதான் ஆல்பம். அவன் முதல்முறையாகத் தன் அப்பாவைப் பற்றிப் பேசுகிறான், எதுகையைத் தேடவே இல்லை, அதுவாக வருகிறது.

ஆனால் எல்லாப் பாட்டிலும் எனக்கு ஒரு குறை. சத்தம் நடுவில் நெரிகிறது. டிரம், குரல், கோரஸ் எல்லாம் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்பதுபோல். முந்தைய ஆல்பத்தில் இருந்த அகலம் இதில் இல்லை. அதைத்தான் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அவனுக்கு மிக்ஸிங் தெரியவில்லை, வசதி வந்தும் சத்தம் சுருங்கிவிட்டது என்று. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, தோட்டத்தில் உட்கார்ந்து ஏழாவது பாட்டைக் கேட்டேன். அதில் மறுபடி குலவை வருகிறது. வலது பக்கமா, இடது பக்கமா என்று காதிலிருந்த வலது இயர்போனைக் கழற்றிப் பார்த்தேன். குலவை குறையவில்லை. அதை மாட்டிவிட்டு இடதைக் கழற்றினேன். அப்போதும் முழுசாக இருந்தது. மற்ற பாட்டுகளையும் அப்படியே ஒவ்வொரு காதாகக் கேட்டேன். ஒன்பது பாட்டிலும் ஒரு சின்னச் சத்தத்தைக் கூட அவன் எந்தப் பக்கமும் ஒதுக்கவில்லை.

நீங்கள் கேட்டதைச் செய்திருக்கிறான், அண்ணே. வாசலுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோது அதைச் சொல்லவே இல்லை. ஒற்றைக் காதுக்காக ஆல்பத்தையே குறுக்கிவிட்டான். அவனைத் திட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. நான் எழுதினால் அவனுக்கு நல்ல பெயர் வரும், ஆனால் உங்கள் காது மறுபடி ஊர் வாய்க்குப் போகும். எழுத ஆரம்பித்து அழித்துவிடுகிறேன். இன்னொன்றும் இருக்கிறது. இப்படிச் செய்ததால் ஆல்பம் உண்மையிலேயே கெட்டுத்தான் போயிருக்கிறது. அதை எப்படி மறைப்பது? நீங்கள் இருந்தால், "நான் கேட்டா, அப்படியே செஞ்சிருவானா? கொஞ்சமாவது புத்தி வேண்டாமா?" என்று அவனைத்தான் திட்டியிருப்பீர்கள். அதற்கு நான் அவன் பக்கம் பேசியிருப்பேன். இந்தச் சண்டையை இப்போது நானே இரண்டு ஆளாக நின்று போட்டுக்கொண்டு நடக்கிறேன்.

மதினி இன்று காலையில் கூப்பிட்டார். சோளம் விலை போகவில்லை, மழை இல்லை என்றெல்லாம் பேசிவிட்டு, போனை வைக்கப் போகிறவர்போல் நிறுத்தினார். பிறகு, அந்தப் பையனுடைய பாட்டுகளை எல்லாம் கேட்டுவிட்டேன் என்றார். எட்டாவது ரொம்ப நல்லாயிருக்கிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லையாம். அப்பாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறவன் அம்மாவைப் பற்றி ஒரு வரி சொன்னானா, பெற்றவள் காரியாபட்டியில்தானே இருக்கிறாள் என்று கேட்டார்.

"அதுக்கு என்ன சொல்லுதே நீ?"

அவன் அப்பாவைப் பற்றித்தான் பாட வந்தான், அம்மாவுக்கு அதில் இடமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். இடமில்லை என்றால் பாட்டு சின்னது என்று வைத்துவிட்டார். திரும்ப எட்டாவதைப் போட்டுக் கேட்டேன். ஒரு வரி இருக்கும், ஏதோ ஒரு மூலையில் இருக்கும் என்று தேடினேன். மூலையே வைக்காமல் செய்த ஆல்பம் இது. இல்லை. மதினி சொல்வது சரிதானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்க மனமில்லை. சாயங்காலம் வண்டி உங்கள் வாசல் வழியாகத்தான் போகும். அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். அதற்குள் நான் ஒரு பதிலோடு போக வேண்டும்.